முதல் மேன்முறையீடும் தள்ளுபடியான பிறகு மேலே போவதில் பயன் உண்டா?

லண்டனில் அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு, மேன்முறையீட்டிலும் நீதிபதி நம்பவில்லை, இனி மேலே போவது வீண் செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப்போல இலங்கைத் தமிழர் என்றுதான் நினைக்கிறேன். 2016-இல் இதே கேள்வியோடு நான் சித்தி வீட்டுச் சோபாவில் மூன்று நாள் எழும்பாமல் கிடந்திருக்கிறேன். அதனால்தான் இந்த நடு இரவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல, ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்பவன். சட்டம் படித்தவர்கள் பிழை கண்டால் திருத்தலாம், அடிக்க வரவேண்டாம்.

ஒரு விஷயத்தை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். முதல் மேன்முறையீட்டைக் கேட்ட முதல் தீர்ப்பாயத்துக்கு அடுத்த படியான மேல் தீர்ப்பாயத்தில் உங்கள் கதையை இன்னொரு தடவை சொல்ல முடியாது. கீழே இருந்த நீதிபதி சட்டப்படி எங்கே தவறினார் என்று காட்டினால்தான் கதவு திறக்கும். எவையெல்லாம் சட்டத் தவறு என்று 2005-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஓர் ஈரானியரின் வழக்கில் எண்ணிச் சொல்லியிருக்கிறது. முக்கியமான சாட்சியத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது, முக்கியமான முடிவுக்குக் காரணம் சொல்லாமல் விடுவது, சம்பந்தமில்லாத விஷயத்துக்கு எடை கொடுப்பது, விசாரணை நியாயமாக நடக்காமல் போவது, இப்படிச் சில. 'நான் உண்மையைச் சொன்னேன், அவர் நம்பவில்லை' என்பது அதில் இல்லை. எனக்கு இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை.

என்னுடைய கேஸ் விழுந்தது ஒரு மாதப் பெயரால். சிரிக்காதீர்கள்.

2012 செப்டெம்பர் கடைசியில் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்து நாளுக்குள் அப்பா காசு கட்டி எடுத்தார். ஒக்டோபர் 9-ஆம் தேதி ஆஸ்பத்திரியில் காட்டியதற்குத் துண்டு இருந்தது. இங்கே வந்து கொடுத்த முதல் இன்டர்வியூவில் மொழிபெயர்ப்பாளர் வடமராட்சிக்காரர், ஒரு சிக்கலும் இல்லை. பெரிய இன்டர்வியூவில் வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். நான் 'புரட்டாதிக் கடைசிக் கிழமை' என்றேன். எங்களுக்குப் புரட்டாதி என்றால் செப்டெம்பர், ஐப்பசி என்றால் ஒக்டோபர். வீட்டில் அப்படித்தான் மாதம் சொல்லி வளர்ந்தோம். அவருக்கோ புரட்டாசி பிறப்பதே செப்டெம்பர் பாதியில். அவர் கணக்குப்படி கடைசிக் கிழமை ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் போய்விட்டது. அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார், அதிகாரி அப்படியே தட்டச்சு செய்தார்.

பிறகு என்ன? பிடிபட்டது ஒக்டோபர் நடுவில், ஆஸ்பத்திரித் துண்டு அதற்கு முந்திய தேதியில். என்னைக் காப்பாற்ற வேண்டிய துண்டே நான் பொய்யன் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

அந்த மொழிபெயர்ப்பாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் அவருடைய தமிழைச் சரியாகத்தான் பேசினார். ஆனால் ஒன்று சொல்லாமல் விடமாட்டேன். பதினைந்து நிமிடம் பேசிவிட்டு 'நீங்க பேசுறது மலையாளம் மாதிரி இருக்கே' என்று சிரிப்பவர்களை இந்த நாட்டில் எத்தனை பேரைக் கண்டுவிட்டேன்! பஸ்ஸில், கடையில், மகளின் பள்ளிக்கூட வாசலில். விளங்காத சொல் வந்தால் 'அப்படின்னா என்ன?' என்று கேட்டால் போதும். கேட்கமாட்டார்கள், தாங்களாக ஒன்றை நினைத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் கோபிக்க வேண்டாம், எல்லோரையும் சொல்லவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மறுப்புக் கடிதத்தையும் இன்டர்வியூப் பதிவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இந்தக் குளறுபடியைக் கண்டுபிடித்தவர் சித்திதான். சமையலறைச் சுவரில் தொங்கிய கோயில் நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து, 'இஞ்ச பார், செப்டெம்பர் பதினேழாம் தேதிதான் புரட்டாதி ஒண்டு போட்டிருக்கு' என்று விரலை வைத்துக் காட்டினார். அப்போதைய சொலிசிட்டர் அதை என் வாக்குமூலத்தில் 14-ஆம் பந்தியாகச் சேர்த்தார். நாலே வரி. வழக்கில் அதைப்பற்றி ஒருவரும் என்னிடம் கேட்கவும் இல்லை. தீர்ப்பு வந்தது: தேதிகள் முரண்படுகின்றன, நம்பகத்தன்மை இல்லை, தள்ளுபடி. வெல்லும் வாய்ப்புக் குறைவு என்று சொல்லி அந்தச் சொலிசிட்டரும் கையைக் கழுவினார். அப்போது எனக்கு வாரக் கொடுப்பனவு 36 பவுண் 95 பென்ஸ். வேலை செய்ய அனுமதி இல்லை. சித்தி சீட்டெடுத்துத்தான் வேறொரு சொலிசிட்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அம்மா என் கதையைக் கேட்கவே இல்லை. எனக்கு முகம் கறுத்துவிட்டது. ஒரு கையில் வாக்குமூலம், மறு கையில் தீர்ப்பு. மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போனவர் நிமிர்ந்து, '14-ஆம் பந்தி எங்கே?' என்று கேட்டார். தீர்ப்பில் எங்கேயும் இல்லை. நீதிபதி என் விளக்கத்தை ஏற்காமல் விட்டிருந்தால்கூட அது வேறு கதை. அதைப்பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.

ஃபீல்ட் ஹவுஸில் மேல் தீர்ப்பாயம் கூடியபோது நான் வாய் திறக்கவே இல்லை. நீதிபதி எதிர்ப்பக்கத்தில் இருந்த உள்துறை அதிகாரியைப் பார்த்து, அந்த விளக்கத்தைத் தீர்ப்பு எந்த இடத்தில் கையாண்டிருக்கிறது என்று கேட்டார். அவர் தாள்களைப் புரட்டினார். முன்னுக்கு, பின்னுக்கு, திரும்ப முன்னுக்கு. அந்தத் தாள் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பழைய தீர்ப்பு ரத்தாகி, வேறொரு நீதிபதி முன் புதிதாக விசாரிக்கச் சொன்னார்கள். 2017-இல் வென்றேன், ஐந்து வருட விசா கிடைத்தது.

'நீ வென்றாய், எல்லாரும் வெல்வார்களா, பொய்க் கேஸ்காரர் எத்தனை பேர்' என்று எழுத வருபவர்கள் 2019 மார்ச்சில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு தமிழர். சூடு வைத்த தழும்புகளைத் தானே ஆள் பிடித்துப் போட்டிருப்பார் என்று தீர்ப்பாயம் சொன்னது, மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஒத்துப்போனது. உச்ச நீதிமன்றம்தான் அது தவறு என்று திருப்பி அனுப்பியது. யார் பொய், யார் மெய் என்று வெளியே இருந்து தீர்ப்புச் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

இனி உங்கள் விஷயம். மேலே போக, உங்களைத் தள்ளுபடி செய்த முதல் தீர்ப்பாயத்திடமே அனுமதி கேட்க வேண்டும். அது மறுத்தால் மேல் தீர்ப்பாயத்திடம் நேரே கேட்கலாம். அங்கேயும் மறுத்தால் அநேகமாகக் கதவு மூடிவிடும். முன்பு அந்த மறுப்பை எதிர்த்து நீதிப்புனராய்வுக்கு (judicial review, அந்த முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றம் பார்ப்பது) போக ஒரு வழி இருந்தது, 2022-இல் வந்த சட்டம் அதையும் பெரும்பாலும் அடைத்துவிட்டது. புதிய ஆதாரம் கிடைத்தால் புதுக் கோரிக்கை போடலாம், அது தனிக் கதை. ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், நேரத்துக்குப் போட்ட மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை உங்களை ஏற்ற முடியாது. நேரத்துக்குப் போட்டால்தான்.

ஆகவே காசு கொடுக்க முதல், வாக்குமூலத்தையும் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பந்தி பந்தியாகக் கோடு போடுங்கள். தீர்ப்புத் தொடாத பந்தி ஏதாவது இருந்தால், அது முக்கியமான பந்தியாகவும் இருந்தால், போங்கள். எல்லாவற்றையும் தொட்டுக் காரணமும் சொல்லியிருந்தால், 'நிச்சயம் வெல்லலாம்' என்று காசு கேட்கும் ஆளிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

அனுமதி கேட்க 14 நாள். தீர்ப்பு அனுப்பப்பட்ட தேதியிலிருந்து எண்ண வேண்டும், நீங்கள் திறந்து பார்த்த நாளிலிருந்து அல்ல. இன்று எத்தனையாவது நாள் என்று நீங்கள் கேள்வியில் எழுதவில்லை.