ஃப்ரண்ட் சைட் ஆடுகிறதா? ஏர் பிஸ்டல் கேள்வி பதில்

10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ஃப்ரண்ட் சைட், அதாவது குறி பார்க்க முன்முனையில் இருக்கும் முன் சைட், தளர்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அதில் நிமிர்ந்து நிற்கும் சின்னத் தகடுதான் பிளேடு. எந்த வேலைக்கும் முன்னால் லோடிங் லீவரைத் திறந்து, உள்ளே பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) இல்லை என்று கண்ணால் பாருங்கள். காற்று சிலிண்டரைக் கழற்றித் தனியாக வையுங்கள். அப்புறம்தான் ஸ்குரூவில் கை வைக்க வேண்டும்.

கேள்வி: சார், என் மகளின் பிஸ்டலில் பிளேடு லேசாக ஆடுகிறது என்று கோச் சொல்கிறார். தொட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது. இவ்வளவு சின்ன ஆட்டத்துக்கா ஸ்கோர் குறையும்?

குறையும் அம்மா. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 35 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்கெட் 10 மீட்டரில் இருக்கிறது. பிளேடு 0.1 மி.மீ. நகர்ந்தால் பெல்லட் கிட்டத்தட்ட 3 மி.மீ. தள்ளிப் போய் விழும். ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்கு 8 மி.மீ.தான். ஜெராக்ஸ் காகிதம் மூன்றை அடுக்கினால் எவ்வளவு தடிமன் வரும்? அந்த அளவு பிளேடு நகர்ந்தால் 10 போக வேண்டியது 9 ஆகிவிடும். பிளேடு வலது பக்கம் நகர்ந்தால் பெல்லட் இடது பக்கம் போகும். குழந்தை தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாள். முதலில் அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆடுவது முன் சைட்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பிளேடும் அது உட்காரும் அடிப்பாகமும் சேரும் இடத்தில், இரண்டையும் தொடும்படி வெள்ளை நெயில் பாலிஷால் முடி அளவு கோடு ஒன்று போடுங்கள். 60 ஷாட் சுட்டுவிட்டுப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் முன் சைட்தான். முறியாமல் இருந்தால் பின் சைட் ஸ்குரூவையும், பிடியை இறுக்கும் ஸ்குரூவையும் பாருங்கள். பிடி தளர்ந்த பிஸ்டலை சைட் கோளாறு என்று கொண்டுவருபவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: அண்ணா, முடிந்த மட்டும் முறுக்கிவிட்டேன். 200 ஷாட்டில் மறுபடியும் தளர்ந்துவிடுகிறது.

இனிமேல் முறுக்காதே தம்பி. பல பிஸ்டல்களில் அந்தச் சின்ன ஸ்குரூ எஃகு, அது உட்காரும் இடம் அலுமினியம். பலம் கொடுத்தால் மரை தேய்ந்துவிடும்.

ஸ்குரூவை முழுதாகக் கழற்றி வெள்ளைத் துணியில் வை. துணியில் எண்ணெய்க் கறை படிந்தால் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. துடைக்கும்போது வழிந்த எண்ணெய் மரைக்குள் இறங்கியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்குத்தும் குச்சியால் ஓட்டையையும், பழைய பிரஷ்ஷால் ஸ்குரூவையும் சுத்தம் செய். பிளேடின் அடியையும் துடை. ஒரு துகள் சிக்கியிருந்தாலும் பிளேடு சமமாக உட்காராது. நன்றாகக் காய்ந்த பிறகு நீல நிற லாக்டைட் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை), குண்டூசி முனை அளவு, மரையில் மட்டும் வை. சிவப்பு வேண்டவே வேண்டாம். அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும், அந்தச் சூட்டை பிஸ்டல் தாங்காது. பிளாஸ்டிக் பாகத்தில் நீலமும் படக்கூடாது, சில வகை பிளாஸ்டிக்கில் விரிசல் விழும்.

ஆலன் கீயின் (L வடிவ அறுகோணச் சாவி) நீளப் பக்கத்தை ஸ்குரூவில் நுழைத்து, குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் திருகு. விரல் நின்ற இடத்தில் நிறுத்து. ஒரு நாள் முழுக்க அப்படியே விடு. இதற்குப் பிறகும் தளர்ந்தால் மரை போய்விட்டது. கம்பெனி சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கேள்வி: ஃபெவிக்விக் போதாதா?

போதாது. அதிர்வில் விரிசல் விடும். அதன் ஆவி பிளேடின் கறுப்பில் வெள்ளையாகப் படியும்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். என் கிளாக் கைத்துப்பாக்கியின் (தோட்டா போடுவது) முன் சைட் கழன்று வருகிறது. இதே முறைதானா?

ஏறக்குறைய இதேதான். ஸ்குரூ ஸ்லைடின் (துப்பாக்கியின் நகரும் மேல்பாகம்) உள்ளே, கீழ்ப்பக்கத்திலிருந்து வரும். மேகசினை எடுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் இடம்) காலி என்று இரண்டு முறை பார்த்து, ஸ்லைடைக் கழற்றுங்கள். 3/16 அங்குல, சுவர் மெல்லிய நட் டிரைவர் வேண்டும். பலமாக முறுக்கினால் ஸ்குரூ முறிந்துவிடும், நீல லாக்டைட் போதும்.

கேள்வி: மாமாவிடம் லைசென்ஸ் உள்ள .32 பிஸ்டல் இருக்கிறது. லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யலாமா?

கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியைத் தொழிலாகப் பழுது பார்ப்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும். பட்டறைக்காரர் உங்கள் நண்பராக இருந்தாலும் அவரை வம்பில் மாட்டிவிடாதீர்கள். லைசென்ஸ் பெற்ற ஆயுத டீலரிடம் மாமாவே எடுத்துப் போகட்டும்.

கேள்வி: சரிசெய்த பிறகு பிளேடு பளபளக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் ஓரம் தெரியவில்லை.

துடைத்ததில் கறுப்பு போயிருக்கும். உலோக பிளேடாக இருந்தால் கழற்றி, இடுக்கியில் பிடித்து, எரியும் கற்பூரத்தின் புகையில் காட்டுங்கள். வெல்வெட் மாதிரி மங்கலான கறுப்பு ஏறும். விரல் பட்டால் அழிந்துவிடும், பார்த்து மாட்டுங்கள். பிஸ்டலில் இருக்கும்போது தீ பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: மேட்ச் நடுவில் தளர்ந்தால் என்ன செய்வது?

பிஸ்டலைக் காலி செய்து பாதுகாப்பாக வைத்துவிட்டு, கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபிசரைக் கூப்பிடுங்கள். அவர் சொல்லாமல் ஸ்குரூவைத் தொடாதீர்கள். 60 ஷாட்டுக்கு 75 நிமிடம்தான். டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, அவர் பல நிமிடங்களை இழந்தார், ஃபைனலுக்குப் போக முடியவில்லை. அதே போட்டியில் 2024 பாரிஸில் வெண்கலம் வாங்கினார். அன்று டோக்கியோவில் அவரைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அதனால் மேட்சுக்கு முந்தைய நாள் அந்த வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். தொடக்கத்தில் கிடைக்கும் 15 நிமிடத்தில் சுடும்போதே ஷாட் பக்கவாட்டில் அலைந்தால், பின் சைட்டைச் சரிசெய்யும் கிளிக்கைத் திருப்புவதற்கு முன் மறுபடியும் அந்தக் கோட்டைப் பாருங்கள். பெட்டியில் ஆலன் கீயோடு அதே அளவு ஸ்குரூ இரண்டு இருக்கட்டும்.