கிரிக்கெட் தவிர வேற என்ன இருக்கு?

கேள்வி: பையனுக்கு 9 வயசு, பொண்ணுக்கு 6. ரெண்டு பேரும் செல்போனே கதின்னு கிடக்காங்க. குடும்பமா சேர்ந்து புதுசா ஏதாவது விளையாட்டு கத்துக்கலாம்னு பாக்குறோம், எதுல ஆரம்பிக்கலாம்? – வேளச்சேரி வாசகி

பதில்: என் ஓட்டு ஸ்குவாஷுக்குத்தான்மா. ராக்கெட்டால பந்தை செவுத்துல அடிச்சு ஆடுற விளையாட்டு இது. நாலு செவுத்துக்குள்ள ஆட்டம், அதனால மே மாச வெயிலும் பிரச்சனை இல்ல, நவம்பர் மழையும் பிரச்சனை இல்ல. ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல்னு உலக இரட்டையர் பட்டம் ஜெயிச்சவங்க நம்ம ஊர்க்காரங்க, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்லயும் முதல் தடவையா ஸ்குவாஷ் வருது. கடைக்காரர் ரெண்டு மஞ்சப் புள்ளி போட்ட பந்தைக் குடுத்தா வாங்காதீங்க, அது பெரிய ஆட்டக்காரங்களுக்கு, நல்லா அடிச்சு சூடேத்தலன்னா தரையிலயே செத்துக் கிடக்கும், பசங்க பத்து நிமிஷத்துல போர்னு கிளம்பிடுவாங்க. பழகுறதுக்குன்னே கொஞ்சம் பெரிய நீலப் பந்து இருக்கு, கேட்டு வாங்குங்க. பந்து படாம இருக்க கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், உங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

சின்னவளுக்கு சிலம்பம் பிடிக்கும்னு தோணுது. கம்பு அவ நெத்தி உயரம் இருந்தா போதும், வாங்குனதும் வீட்டு ஹால்ல சுத்த விட்றாதீங்க, ஃபேன், டிவி எதுவும் மிஞ்சாது. கோவளம் சர்ஃபிங் ஆசையா இருந்தா முதல்ல எல்லாரும் நீச்சல் கத்துக்கோங்க, வடகிழக்கு பருவமழை முடிஞ்சதும் போகலாம்.

ஒரே நாள்ல முழு செட் ஷூ, ராக்கெட் எல்லாம் வாங்கிறாதீங்க. முதல் மாசம் வாடகை ராக்கெட்டே தாராளம்.