அறிவியல் கேள்வி–பதில்: மீன் வெடிலும் நைதரசனும்

கேள்வி: கடல் மீன் வெட்டிய கையில் வெடில் நெடுநேரம் நிற்கிறது. சவர்க்காரம் போட்டாலும் முழுதாகப் போவதில்லை. தேசிக்காய் தேய்த்தால் போய்விடுகிறது. உன்னிச்சைக் குளத்து யப்பான் மீனில் இந்த வெடில் இல்லையே, ஏன்? (வாசகி, கல்லாறு)

பதில்: கடல் மீனின் தசையில் திரைமெதைலமீன் ஒட்சைட்டு என்னும் மணமற்ற சேதனச் சேர்வை இயல்பாகவே இருக்கிறது. கடலின் உப்பு உடல்நீரை இழுத்துவிடாமலும் புரதங்கள் குலைந்துவிடாமலும் இருக்க அது மீனுக்கு உதவுகிறது. மீன் இறந்த பின்னர், பற்றீரியாக்கள் இச்சேர்வையிலுள்ள ஒட்சிசனைப் பறித்துவிட, எஞ்சுவது திரைமெதைலமீன். இது ஏறத்தாழ 3 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் பொருள் என்பதால், சிறிதளவு இருந்தாலும் ஆவியாகி மூக்கை எட்டிவிடுகிறது. நன்னீர் மீனில் அந்த ஒட்சைட்டு மிகக் குறைவு. குளத்து மீனில் சிலவேளை வரும் சேற்று மணம் வேறு விடயம். அதற்குக் காரணமான சியோஸ்மினில் நைதரசனே கிடையாது.

இனித் தேசிக்காய்க்கு வருவோம். திரைமெதைலமீன் ஓர் அமீன், அதாவது அமோனியாவை ஒத்த நைதரசன் சேர்வை. அதன் நைதரசன் அணுவில் பிணைப்பில் ஈடுபடாத ஒரு சோடி இலத்திரன்கள் உண்டு. தேசிக்காயிலுள்ள சித்திரிக்கமிலம் தரும் புரோத்தனை (ஐதரசன் அயன், H⁺) அச்சோடி பற்றிக்கொள்ளும்போது, ஆவியாகும் அமீன், நீரில் கரையும், ஆவியாகாத அமோனியம் வகை உப்பாக மாறிவிடுகிறது. அதைத் தண்ணீர் கழுவிச் செல்லும். பழப்புளியும் கொறுக்காயும் மீன் கறியில் செய்வது இதையேதான். சவர்க்காரமோ மூல இயல்புடையது, அதாவது அமிலத்துக்கு எதிரானது. அது புரோத்தனைத் திரும்பப் பிடுங்கி, உப்பை மீண்டும் அமீனாக்கிவிடும். ஆகையால் தேசிக்காய் தேய்த்து, தண்ணீரில் நன்றாக அலசிய பிறகே சவர்க்காரம் போடுங்கள்.

சுறாவின் கதை இன்னும் ஒருபடி மேல். அதன் தசையில் ஏறத்தாழ 2 சதவீதம் யூரியா இருக்கிறது. நேரம் போகப்போகப் பற்றீரியாக்கள் அதை அமோனியாவாக உடைக்கின்றன. மணம் ஏறிய சுறாவை வறைக்கு வாங்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: மெதைல் தொகுதிகள் கூடக்கூட அமீனின் மூல வலிமை கூடும் என்று படித்தோம். அப்படியானால் மூன்று மெதைல் உள்ள திரைமெதைலமீன் ஏன் இரண்டே உள்ள இருமெதைலமீனைவிட வலிமை குறைந்தது? (உயர்தர மாணவர், அக்கரைப்பற்று)

பதில்: வாயு நிலையில் நீங்கள் படித்த ஒழுங்கு அப்படியே பொருந்தும். நீரில்தான் அது குழம்புகிறது. புரோத்தனை ஏற்ற அயன், தன் நைதரசனோடு இணைந்த ஐதரசன்கள் மூலம் நீர் மூலக்கூறுகளுடன் ஐதரசன் பிணைப்பு அமைத்து உறுதி பெறுகிறது. இருமெதைலமோனியம் அயனில் அத்தகைய ஐதரசன்கள் இரண்டு. திரைமெதைலமோனியத்தில் ஒன்றே ஒன்று. இணையமிலங்களின் (புரோத்தனை ஏற்ற அயன்களின்) pKa பெறுமானங்கள் (இவை கூடினால் மூலம் வலிமையானது) அமோனியாவுக்கு 9.25, இருமெதைலமீனுக்கு ஏறத்தாழ 10.7, திரைமெதைலமீனுக்கு 9.8 என அமைவது இதனாலேயே. பென்சீன் வளையம் கொண்ட அனிலீன் என்னும் அமீனில் இலத்திரன் சோடி அவ்வளையத்துக்குள் பரவிவிடுவதால் பெறுமானம் 4.6 வரை விழுகிறது.

கேள்வி: சூரை மீன் கறி சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து உடல் முழுதும் கடித்தது. மீனில் கெட்ட மணமே இருக்கவில்லை. புளியும் தாராளமாக விட்டிருந்தோம். (வாசகர், வாழைச்சேனை)

பதில்: இது இசுத்தமீன் நஞ்சாதலாக இருக்கலாம். சூரையில் இசுத்திடீன் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் சூட்டில் கிடந்தால், பற்றீரியாக்களின் நொதியம் அதிலிருந்து காபனீரொட்சைட்டை அகற்றி இசுத்தமீனாக்கிவிடும். அதற்கு வெடில் இல்லை. கொதிக்க வைத்தாலும் அழியாது. புளியினால் உப்பானாலும் உடலுக்குள் தன் வேலையைச் செய்தே தீரும். மூச்சுத் திணறல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உண்மையான மீன் ஒவ்வாமையும் இதே குறிகளைக் காட்டும் என்பதால், திரும்பவும் சூரை சாப்பிடுமுன் வைத்தியரிடம் கேளுங்கள். தடுக்கும் வழி, பிடித்த கணத்திலிருந்தே ஐஸில் வைப்பதுதான். கரைக்கு வந்தபின் போடும் ஐஸ், ஏற்கெனவே உண்டான இசுத்தமீனை எடுத்துவிடாது.