அவர் மௌனமும் உங்கள் ஆத்திரமும்

வணக்கம் சகோதரி. சண்டை வந்தால் கணவர் இரண்டு நாள் பேசுவதில்லை, அதைவிட உங்களுக்கு வரும் ஆத்திரம்தான் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

எனக்கும் இதே கதைதான். மனைவி வாயை மூடிக்கொண்டால் சமையலறை வரை பின்னாலேயே போய் “என்ன கோபம், சொல்லு” என்று நச்சரிப்பேன். ஒருநாள் சும்மா அவள் முகத்தைக் கவனித்தேன். கோபமே இல்லை, அசதிதான். சிறுவயதில் என் அப்பா பேசாமல் இருந்தால் அடுத்து எனக்கு அடி விழும். அந்தச் சின்ன வயசுப் பயம்தான் எனக்குள் துள்ளியிருக்கிறது.

1955இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற உளவியலாளர்கள் இருவர், நம்மை நாமே அறிய உருவாக்கிய நான்கு கட்டப் படமான ‘ஜோஹாரி சாளரத்தில்’, பிறருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத கட்டம் ஒன்று உண்டு. (பெயரே அவர்கள் முதல்பெயர்களை ஒட்டவைத்ததுதான்.) உங்களுடைய அந்தக் கட்டம் உங்கள் கணவர் கண்ணுக்குத் தெரியும். அதனால் அவரைப் பேசவைக்கப் போராடாதீர்கள். ஆறியபிறகு, “அப்போது நான் எப்படி இருந்தேன்?” என்று கேளுங்கள். பதில் சுருக்கென்று தைக்கலாம். சரி, உடனே மறுக்காமல் ஒருநாள் வைத்திருங்கள்.