எதை விடுவது?

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையில் பிளஸ் டூ படிக்கிறேன். மார்ச்சில் பரீட்சை. நீட் எழுதப் போவதில்லை. பயோடெக்னாலஜி எடுத்தால்தான் வேலை என்கிறார் அப்பச்சி. எனக்குச் செடிகொடியும் பிடிக்கிறது, பறவையும் பிடிக்கிறது, செல்லுக்குள் நடப்பதும் பிடிக்கிறது. எதை விடுவது என்று தெரியவில்லை. பொதுவாக உயிரியல் படித்துவிட்டு அப்புறம் ஒரு பிரிவுக்குப் போனால் காலம் வீணாகுமா?

ஒரு மாணவி

அன்புள்ள மகளுக்கு,

வீணாகாது. பதினேழு வயதில் நமக்குத் தெரிந்தவை பிரிவுகளின் பெயர்கள் மட்டுமே. கூடப் படித்தவன் எடுத்தான் என்று நான் விலங்கியல் எடுத்தேன். இரண்டாம் ஆண்டு பிராக்டிகலில் வெங்காய வேர்நுனிக்கு அசிட்டோகார்மின் சாயமேற்றி, ஸ்லைடில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். குரோமோசோம்கள் இரு முனைக்கும் பிரிந்து போகிற நிலையில் அப்படியே நின்றன. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. விலங்கியல் மாணவனைப் பிடித்துக்கொண்டது ஒரு வெங்காயம்!

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருக்கிறாயா? திருப்பத்தூர் பக்கம்தான். பறவைகள் மிரளும் என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடமாட்டார்கள். அங்கே வரும் நத்தைகுத்தி நாரைக்கு வாயை மூடினாலும் அலகின் நடுவே இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர்ந்தபிறகுதான் வரும். எப்படி வருகிறது? நத்தையின் ஓட்டை நொறுக்காமல் சதையை எப்படி உருவுகிறது? கண்மாய் வற்றிவிட்டால் நத்தையும் நாரையும் எங்கே போகும்? முதல் கேள்விக்கு ஒரு துறை, அடுத்ததற்கு வேறொன்று, கண்மாயைப் பற்றிக் கேட்டால் சூழலியல். பறவை ஒன்றுதான். உன்னை எந்தக் கேள்வி பிடித்துக்கொள்ளும் என்று இப்போதே எப்படிச் சொல்வாய்?

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன்கூட முதலில் திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்தவர்தான். 1943 வங்கப் பஞ்சம் மனத்தை உலுக்க, கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்கு வந்தார். பிறகு டெல்லியில் செல் மரபியல்.

சரி, எங்கே சேர்வது? நம் பக்கத்துக் கல்லூரிகளில் சேரும்போதே மேஜர் முடிவாகிவிடும். ஐசர் என்கிற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பில், தொடக்கத்தில் உயிரியலோடு இயற்பியல், வேதியியல், கணிதம் எல்லாம் படித்துவிட்டுத்தான் பிரிவைத் தேர்ந்தெடுப்பார்கள். நமக்குக் கிட்டத்தில் திருவனந்தபுரம், திருப்பதி. ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு உண்டு. அதில் கணக்கும் வரும், இப்போதிருந்தே போட்டுப் பழகு.

அது கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. விலங்கியலோ தாவரவியலோ தைரியமாகச் சேர். இவற்றைப் படித்தவர்களையும் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்குப் பல பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்கின்றன. இதை அப்பச்சியிடம் பொறுமையாகச் சொல். உன் பிழைப்பை நினைத்துத்தான் அவர் பயப்படுகிறார், அந்தப் பயம் நியாயமானது.

பொங்கல் லீவில் அவரையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் வேட்டங்குடிக்குப் போய்வா. குஞ்சு இருந்தால் அதன் அலகைப் பார். பைனாகுலர் என்னிடம் இருக்கிறது, காரைக்குடிக்கு வந்தால் தருகிறேன்.