பூ விற்கும் அம்மாவின் முகம், சர்க்கரைச் சூரண விளம்பரத்தில்

கேள்வி: என் அம்மா மயிலாப்பூர் மாட வீதியில் 30 வருடமாகப் பூ விற்கிறார். அறுபத்து மூவர் அன்று கேமராவோடு வந்த இரண்டு பேர், கண்காட்சிக்கு என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 200 ரூபாய் கொடுத்தார்கள். இப்போது அதே படம் ஒரு சர்க்கரை நோய்ச் சூரணத்தின் பேனரிலும் ஃபேஸ்புக் விளம்பரத்திலும் இருக்கிறது. "மூணே மாசத்துல சுகர் போச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று அம்மா சொல்வதாகப் போட்டிருக்கிறார்கள். அம்மா இன்றைக்கும் இரண்டு வேளை மாத்திரை போடுகிறவர். கம்பெனியில் கேட்டால், "பொது இடத்தில் எடுத்த படம், போட்டோகிராபரிடம் காசு கொடுத்து வாங்கினோம், உங்கம்மா கையெழுத்தும் இருக்கு" என்கிறார்கள். என்ன செய்யலாம், மேடம்?

பதில்: தம்பி, அவர்கள் சொல்லும் மூன்று காரணமும் நிற்காது.

திருவிழாக் கூட்டத்தில் அம்மாவும் தெரிகிற படத்தை ஒரு பத்திரிகை செய்தியோடு போட்டால் நாம் சண்டைக்குப் போக முடியாது. சரக்கு விற்க அந்த முகத்தை எடுத்தால் கதை வேறு. கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் பத்திரிகைத் தரப்பு தொடுத்த வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது தனியுரிமை மீறல் என்று அதிலேயே இருக்கிறது. அந்த உரிமை நட்சத்திரங்களுக்கு மட்டுமானதில்லை, பூக்கடை வைத்திருப்பவருக்கும் உண்டு.

படத்தின் காப்புரிமை போட்டோகிராபருடையதாக இருக்கலாம், அதை அவர் விற்கலாம். ஆனால் அம்மாவின் முகத்தை விளம்பரத்தில் போடும் அனுமதி அவர் கையில் இல்லை. அதை அம்மாதான் தர வேண்டும்.

அப்புறம் கையெழுத்து. முதல் வேலையாக அந்தத் தாளின் நகலை எழுத்து மூலமாகக் கேளுங்கள். கண்காட்சிக்கு என்று பொய் சொல்லி வாங்கிய சம்மதத்தை, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அம்மா ரத்து செய்யலாம். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகப் போட அது அனுமதி ஆகாது.

எனக்கு உண்மையிலேயே பதறுவது அந்த வாசகத்தைப் பார்த்துத்தான். தினம் அம்மாவிடம் பூ வாங்குகிற ஒருவர், "இந்தம்மாவே சொல்லுதே" என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சூரணம் என்பதால் அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை இயக்குநரகத்தில் இந்த வாரமே புகார் கொடுங்கள்.

கூடவே, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். அந்தப் பணம் அம்மாவுக்கு வராது. ஆனாலும் இதை விட்டுவிடாதீர்கள். பொருளைப் பரிந்துரைத்தவர் மீதும் அதே சட்டத்தில் நடவடிக்கை உண்டு. அம்மா பயப்பட வேண்டியதில்லை, "இது நான் சொன்னதல்ல" என்று எழுத்தில் மறுத்து வைப்பது அவருக்குப் பாதுகாப்பு.

நோட்டீஸ் போவதற்கு முன்பே ஆதாரத்தைச் சேர்த்துவிடுங்கள், நோட்டீஸ் கிடைத்ததும் பேனர் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகலாம். பேனரை, பக்கத்துக் கடையும் தெருப் பலகையும் தெரிகிற மாதிரி தேதியோடு படம் எடுங்கள். ஃபேஸ்புக் விளம்பரத்தின் இணைப்பைக் குறித்துக்கொண்டு திரைப்பதிவும் செய்யுங்கள். எந்த போனில் எடுத்தீர்களோ அதை மாற்றிவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு, சாட்சியச் சட்டம் 2023-ன் 63-ஆம் பிரிவுப்படி சான்று கொடுக்க வேண்டியிருக்கும். அம்மாவின் மருத்துவமனைச் சீட்டை லேமினேட் செய்யாமல் அப்படியே வையுங்கள். போன மாதத் தேதி போட்டு மாத்திரை எழுதிய அந்த ஒரு சீட்டு போதும், விளம்பரம் பொய் என்று காட்ட.

பிறகு கம்பெனிக்கும் போட்டோகிராபருக்கும் வக்கீல் நோட்டீஸ்: விளம்பரத்தை உடனே எடுக்க வேண்டும், மறுப்பு வெளியிட வேண்டும், நஷ்டஈடு தர வேண்டும். அசையவில்லை என்றால் சிட்டி சிவில் கோர்ட்டில் தடை உத்தரவும் நஷ்டஈடும் கேட்டு வழக்குப் போடலாம். அவதூறையும் சேர்த்துக் கேட்பதானால், விளம்பரம் வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஆதார் அட்டையோடு அம்மாவை அழைத்துப் போங்கள்.

ஒன்று மட்டும் இன்றைக்கே சொல்லி வையுங்கள். கம்பெனி ஆள் யாராவது கடைக்கே வந்து, "பேசி முடிச்சிக்கலாம்மா" என்று கவரையும் இன்னொரு தாளையும் நீட்டினால் அம்மா எதையும் வாங்க வேண்டாம், கையெழுத்தும் போட வேண்டாம். "வக்கீல்கிட்ட கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் பூவைக் கட்டட்டும்.