ஆலங்கட்டியும் டொர்னாடோவும்: வடக்கு டெக்ஸாஸ் வாசகர்களுக்குப் பதில்கள்

மார்ச் பிறந்துவிட்டால் டாலஸ், ஃபோர்ட்வொர்த் பக்கமிருந்து எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் வானத்தைப் பற்றித்தான்: ஆலங்கட்டி மழை, டொர்னாடோ என்னும் சுழல்காற்று. வானிலை படித்தவன், பல வசந்தங்களை இங்கேயே கழித்தவன் என்ற முறையில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

டொர்னாடோ எச்சரிக்கைச் சைரன் ஊதியதாம். எங்கள் வீட்டில் யாருக்குமே கேட்கவில்லை. நகராட்சியில் புகார் செய்யலாமா? (ஃப்ரிஸ்கோ)

சைரன் வீட்டுக்குள் இருப்பவர்களுக்காக வைத்ததே அல்ல. பூங்காவிலும் மைதானத்திலும் நிற்பவர்களை "உள்ளே போங்கள்" என்று விரட்டுவதுதான் அதன் வேலை. ஜன்னலைச் சாத்தி, ஏசி ஓட, கூரையில் ஆலங்கட்டி தடதடவென்று விழும்போது அது எப்படிக் கேட்கும்? உங்களை எழுப்ப வேண்டியது கைபேசி. அதில் அவசர எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருந்தால் இன்றே திறந்துவிடுங்கள். வானிலை எச்சரிக்கைகளை ஒலிபரப்பும், பேட்டரியில் ஓடும் வெதர் ரேடியோ ஒன்றும் படுக்கையறையில் இருக்கட்டும்.

எச்சரிக்கையில் இரண்டு சொற்கள் வரும். டொர்னாடோ 'வாட்ச்' என்றால் அது உருவாவதற்கான சூழல் கூடியிருக்கிறது என்று பொருள். வேலையைப் பார்த்துக்கொண்டே கவனமாக இருங்கள். 'வார்னிங்' என்றால் ரேடாரில் சுழற்சி தெரிகிறது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். அப்போது வாசலுக்குப் போய் வீடியோ எடுக்கக் கூடாது. கீழ்த்தளத்தில், வீட்டின் நடுவில், ஜன்னல் இல்லாத அறைக்குப் போக வேண்டும்.

தஞ்சாவூரில் நாங்கள் பார்த்த ஆலங்கட்டி புளியங்கொட்டை அளவுதான். இங்கே மட்டும் ஏன் எலுமிச்சை அளவு? (இர்விங்)

நம் ஊரிலும் மேலே பெரிய கட்டி உருவாவதுண்டு. ஆனால் தரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் உயரம் வரை காற்று உறைநிலைக்கு மேல் இருப்பதால் வரும் வழியிலேயே பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. டெக்ஸாஸ் வசந்தத்தில் அந்த எல்லை இன்னும் கீழே இருக்கும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தரையோடு வருகிறது. அதற்கு மேலே மேற்கிலிருந்து வறண்ட காற்று. அதற்கும் மேலே வேகமான காற்றோட்டம். மூன்றும் சேர்ந்தால் மேகமே சுழல ஆரம்பிக்கும். சூப்பர்செல் என்பது இதுதான். அதனுள் மேலெழும் காற்று பனிக்கட்டியைக் கீழே விழ விடாமல் தாங்கிக்கொண்டே இருக்கிறது. அது ஈரத்தைப் பூசிப் பூசிப் பருத்து, காற்றால் தாங்க முடியாத எடை வந்ததும் விழுகிறது. பெரிய கட்டி ஒன்று கிடைத்தால் வெட்டிப் பாருங்கள். வெங்காயம் போல வெள்ளையும் கண்ணாடியுமாக அடுக்குகள் தெரியும்.

அமெரிக்காவின் சாதனைக் கட்டி 2010 ஜூலை 23 அன்று தெற்கு டகோடாவின் விவியனில் விழுந்தது. குறுக்களவு 8 அங்குலம், எடை சுமார் 880 கிராம். ஃபோர்ட்வொர்த்தில் 1995 மே 5 அன்று திறந்தவெளித் திருவிழாக் கூட்டத்தின் மேல் கொட்டியதில் 100க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

ஆலங்கட்டி விழுந்தும் கூரை ஒழுகவில்லை. ஆனால் கதவைத் தட்டிய ஒருவர் "முழுக்க மாற்ற வேண்டும், டிடக்டிபிளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். நம்பலாமா? (பிளேனோ)

அவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். டிடக்டிபிள் என்பது செலவில் இன்ஷூரன்ஸ் தராமல் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு. அதைத் தள்ளுபடி செய்கிறேன் என்பது டெக்ஸாஸில் சட்டவிரோதம். 2019 செப்டம்பரிலிருந்து இன்னும் கறாராகவே இருக்கிறது. முதலில் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு நீங்களே சொல்லுங்கள்.

அதே சமயம், ஒழுகவில்லை என்பதால் சேதம் இல்லை என்றும் இருந்துவிடாதீர்கள். மழைநீர்க் குழாய் தண்ணீர் விடும் இடத்தில் குனிந்து பாருங்கள். கரிய மணல் போலக் குவிந்திருந்தால் ஓட்டின் மேலிருந்த துகள்கள் உதிர்ந்திருக்கின்றன. அடிபட்ட இடத்தை விரலால் அமுக்கினால் கன்றிய கொய்யாப்பழம் போல மெத்தென்று இருக்கும். அங்கேதான் ஒழுகல் மாதங்கள் கழித்து ஆரம்பிக்கும். இதற்காக நீங்கள் மேலே ஏறாதீர்கள், ஆளை வைத்துப் பாருங்கள். அப்புறம், பாலிசியில் காற்று, ஆலங்கட்டி டிடக்டிபிள் வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம் என்று பெரும்பாலும் தனியாக இருக்கும். 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து.

காரில் போகும்போது பாலத்துக்கு அடியில் ஒதுங்கலாமா? (கார்லண்ட்)

கூடாது. பாலத்தடியில் காற்று குறுகிய இடத்தில் புகுந்து இன்னும் வேகமெடுக்கும். ஒதுங்கிய வண்டிகளால் பின்னால் வருபவர்களின் வழியும் அடைபடும். உங்கள் ஊரிலேயே 2015 டிசம்பர் 26 மாலை வந்த இ.எஃப்-4 (0 முதல் 5 வரையான வலிமை அளவில் 4) டொர்னாடோவில் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நெடுஞ்சாலையில் காரில் இருந்தவர்கள். மாதத்தையும் கவனியுங்கள், வசந்தம் அல்ல, டிசம்பர். எச்சரிக்கை வந்தால் கிளம்பாதீர்கள். வழியில் இருந்தால் அருகிலுள்ள கடைக்குள் போய்விடுங்கள். வெறும் ஆலங்கட்டி என்றால் ஓரம் கட்டி, பக்கக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். முன்கண்ணாடி விரிசல் விட்டாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும், பக்கக் கண்ணாடி பொலபொலவென்று உதிரும்.

டொர்னாடோ வரும்போது ஜன்னலைத் திறந்துவைத்தால் வீடு வெடிக்காது என்கிறார்களே?

தவறு. காற்றை உள்ளே விட்டால் கூரையைத் தூக்குவது இன்னும் சுலபம். அந்த நேரத்தை அறைக்குள் போகச் செலவிடுங்கள்.

மதுரையிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். பகலில் தனியாக இருப்பார்கள். என்ன சொல்லி வைப்பது? (அலென்)

இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். அலாரம் அலறும்போது ஆங்கில வரியை எழுத்துக்கூட்டிப் படிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. டொர்னாடோ என்றால் நம் புயல் மாதிரி மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டு வருவதல்ல, சில நிமிடங்களே கிடைக்கும் என்பதை முதலில் புரியவையுங்கள். நம் ஆட்கள் பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையைப் பூஜையறையாக வைத்திருக்கிறோம். பெரும்பாலும் அதுதான் வீட்டில் பத்திரமான இடம். அதில் இரண்டு ஹெல்மெட், அவர்கள் செருப்பு, டார்ச், தண்ணீர், அவர்கள் சாப்பிடும் மாத்திரை வையுங்கள். உட்கார ஒரு ஸ்டூல். அம்மாவின் முழங்கால் தரையில் மடங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே அலாரம் அடித்து அவர்களை நடக்கவைத்துப் பாருங்கள். தொலைக்காட்சியில் எச்சரிக்கை கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பெயரில்தான் ஓடும். அதனால் பிரிட்ஜ் கதவில் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: "நாம் இருப்பது காலின் கவுண்டி. அலாரம் அடித்தால் பூஜையறை. போன் அங்கே போய்ப் பண்ணுங்கள்."